பிள்ளை பார்க்கவும் ஒரு படிப்பு

1970களின் தொடக்கத்தில் ப்ரையன் ஜாக்சன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், தாம் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் போன்ற ஆலை நகரங்களில் விடியும் முன்பே தெருவில் போய் நின்றார். முதல் ஷிஃப்டுக்கு ஓடும் தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளை எந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று பார்க்கத்தான். அந்த வீடுகளில் பலவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. காசு வாங்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1948இலேயே சட்டம் வந்திருந்தது. 1968இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆனாலும் பிள்ளை பார்ப்பவர் எதையாவது படித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெண் என்றால் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்புதான் காரணம்.

இதே ஜாக்சன்தான் 1963இல் சமூகவியலாளர் மைக்கேல் யங்குடன் சேர்ந்து கேம்பிரிட்ஜில் நேஷனல் எக்ஸ்டென்ஷன் காலேஜைத் தொடங்கியவர். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அஞ்சல்வழிப் பாடம் நடத்திய நிறுவனம் அது. அந்த ஆண்டே ஆங்கிலியா தொலைக்காட்சியில், மக்கள் வேலைக்குக் கிளம்பும் முன் அதிகாலையில் பல்கலைக்கழக விரிவுரைகளை ஒளிபரப்பிப் பார்த்தார்கள். தொலைநிலைக் கல்வியின் வரலாறும் பிள்ளை பார்க்கும் தொழிலின் வரலாறும் ஒரே மனிதரிடம் வந்து சேர்வதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் யார் என்று தேடியவர் கண்ணில், பிறர் பிள்ளைகளோடு வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் படாமல் இருந்திருக்க முடியாது.

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் என்பவர் தம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்ப்பவர். பகலில் அவரால் வகுப்புக்குப் போக முடியாது. கடைசிப் பிள்ளையின் அப்பா வந்து அழைத்துப் போகும்போது மாலை ஆறு மணியாகிவிடும். அதற்குப் பிறகு சொந்தப் பிள்ளைகளின் சாப்பாடு, குளியல், தூக்கம். அதனால் படிப்பு அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டியிருந்தது. 1977இல் பிபிசி இவர்களுக்காகவே ஒரு தொலைக்காட்சித் தொடர் நடத்தியது. அதே ஆண்டில் இவர்களுக்கென்று ஒரு தேசிய சங்கமும் பிறந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பெற்றோருக்காகக் குழந்தை வளர்ப்புப் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியதும் அப்போதுதான். முறையான சான்றிதழ் படிப்பு 2000ஐ ஒட்டி வந்தது. 2001இல் சைல்ட்மைண்டர்களை ஆய்வு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சியிடமிருந்து, பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டுக்குப் போனது.

அஞ்சலில் வந்த பாடம் கனத்த கோப்பாக இருக்கும். படித்து, தாளில் கையால் விடை எழுதி, பழுப்பு உறையில் போட்டு அனுப்ப வேண்டும். பதில் வர வாரக்கணக்காகும். வரும்போது ஓரங்களில் ஆசிரியரின் கையெழுத்து இருக்கும். ‘இரண்டு வயதுப் பிள்ளை பொம்மையைப் பறித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது?’ என்பது போல ஒரு கேள்வி. அதற்கு விடை எழுத மறுநாள் அந்தப் பிள்ளையை இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டும். மற்றப் பாடங்களுக்கு இல்லாத வசதி இது: படிக்கும் அறையிலேயே பாடப்பொருள் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1991 வரை பிரிட்டனில் பல தாய்மார்கள் பச்சைக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படித்தான் செவிலியர்களே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. தூக்கத்தில் குழந்தைகள் திடீரென இறந்துபோகும் தொட்டில் மரணங்கள் வேகமாகச் சரிந்தன. நான்கு பிள்ளை பெற்று வளர்த்த அனுபவசாலிக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. அடிப்பதும் அப்படித்தான். பிள்ளையை அடிக்கமாட்டேன் என்று உறுதி தர மறுத்த ஒரு சைல்ட்மைண்டருக்குத் தெற்கு லண்டனின் சட்டன் உள்ளூராட்சி பதிவு மறுத்தது; 1994இல் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. 2003இல் விதி மாறியது. பெற்றோரே சம்மதித்தாலும் அடிக்கக் கூடாது. ஒன்பதே ஆண்டுகளில் பாடம் தலைகீழாக மாறிவிட்டது.

இன்று கோப்பும் இல்லை, உறையும் இல்லை. பாடம் போனில் வருகிறது. பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் அரை மணி படிக்கலாம். அவதானிப்புக் குறிப்பைப் படத்தோடு இணைய போர்ட்ஃபோலியோவில் ஏற்றினால், பக்கத்து ஊரில் இருக்கும் அசெசர், அதாவது மதிப்பீட்டாளர், மறுநாளே கருத்தெழுதலாம். படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும் இப்போது பாடத்திலேயே ஒரு பகுதி. குழந்தைகளுக்கான முதலுதவி மட்டும் முழுக்கத் திரைக்குள் அடங்கவில்லை. பொம்மையின் நெஞ்சில் விரல் வைத்து அழுத்திப் பழக ஆளே நேரில் போக வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். இது நல்ல ஏற்பாடு.

ஆனால் வேகத்தோடு இன்னொன்றும் வந்துவிட்டது. சில மணி நேரத்தில் சரியான வட்டத்தைச் சொடுக்கி, அங்கேயே சான்றிதழை அச்சிட்டுக்கொள்ளும் படிப்புகள். விடை தவறானால் மறுபடி சொடுக்கலாம். அதில் யாரும் யாரையும் படிப்பதில்லை. சைல்ட்மைண்டர்களுக்கென்றே 2024 ஜனவரியில் வந்த தனி விதித்தொகுப்பு, பதிவுக்கு முன் பாடத்திட்டப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் தளர்த்தியது. பாடத்திட்டம் தெரிந்து புரிந்திருந்தால் போதுமாம். காரணம் விளங்குகிறது. 1990களின் நடுவில் இலட்சத்தைத் தொட்ட சைல்ட்மைண்டர்களின் எண்ணிக்கை இன்று முப்பதாயிரத்துக்கும் கீழே. புதியவர்களுக்குக் கதவை அகலத் திறக்கப் பார்க்கிறார்கள். என் மனம் இதை ஏற்கவில்லை. ஆள் குறைந்தது பாடத்தின் கனத்தால் என்று நான் நம்பவில்லை; கூலி போதாமையும் தாள்வேலையும் தனிமையும்தான் பலரை விலக வைத்தன. படிப்பைக் குறைத்தால் இந்த மூன்றும் குறையுமா?

தனிமையைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. நாள் முழுக்கப் பேசுவது மூன்று வயதுக்காரர்களோடு, இரவில் படிப்பது திரையோடு. வாரம் ஒரு காலை, ஊர்க்கூடத்தில் நாலைந்து பேர் பிள்ளைகளோடு கூடி ‘உன்னுடையவன் இன்னும் கடிக்கிறானா?’ என்று கேட்டுக்கொள்வதை எந்தச் செயலியும் ஈடுசெய்யாது. படிப்புக் கட்டணத்திலேயே இப்படியொரு சந்திப்பையும் சேர்த்துவிட வேண்டும்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்ப் பெண்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். பதிவேடு எழுதவும் ஆம்புலன்ஸை அழைக்கவும் போதிய ஆங்கிலம் அவர்களுக்குத் தேவை. 2024இன் அதே விதித்தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: பிள்ளையின் வீட்டுமொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும். புலம்பெயர்ந்த பெற்றோரிடம் வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று ஆசிரியர்கள் அறிவுரை சொன்ன நாடு இது. இன்று ஒரு பிள்ளை ‘அம்மம்மா வேணும்’ என்று அழுததை அதைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ப் பெண் குறிப்பில் எழுதலாம். அது மொழி வளர்ச்சிக்கும் பாசப் பிணைப்புக்கும் சான்றாகச் சேரும். அந்தச் சொல் அம்மாவைக் குறித்ததா பாட்டியைக் குறித்ததா என்று திருப்பிக் கேட்கும் அசெசர் ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். அவருக்கான சம்பளத்தையும் சேர்த்துத்தான் படிப்பின் விலையை வைக்க வேண்டும்.