அட்டை பாட்டியிடம், எண் பேரனிடம்

வயது முதிர்ந்த பெண்களுக்கு இயந்திரம் என்றாலே அச்சம் என்று நம் குடும்பங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்களை அறிந்தவர்கள் இதனை அவ்வளவு விரைவில் ஒப்பமாட்டார்கள்.

பட்டு நூலைச் சுற்றிப் பிரிப்பதும், நாடாவுக்குத் தார் சுற்றுவதும் அங்கே பெரும்பாலும் பெண்களின் பணிகள். ராட்டையைச் சுற்றிச் சுற்றித் தோள் தேய்ந்த மூதாட்டியர் அநேகர். அந்த ராட்டையில் சிறியதொரு மின்மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தால் வேண்டாமென்பவர் யார்? விசையைத் தட்டினால் சுழல்கிறது. நூல் அறுந்தால் நிறுத்தி முடிச்சிடலாம். கருவி அவர்கள் கைக்குள் அடங்கியிருக்கிறது.

தெலங்கானாவின் ஆலேர் ஊரிலும் இப்படியொரு நெசவாளர் குடும்பம். போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயமிடுமுன் நூலை வரிசையான ஆணிகளின்மேல் கையை நீட்டி மடக்கிச் சுற்றவேண்டும். ஒரு சேலைக்கு ஏறக்குறைய 9,000 முறை! தாய் லட்சுமி படும் வேதனையைக் கண்ட மகன் சிந்தகிந்தி மல்லேசம், பல ஆண்டுகள் முயன்று 1999-இல் அதற்கோர் இயந்திரம் செய்து, தாயின் பெயரையே அதற்கு இட்டார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாயின் வலி எங்கே என்று முதலில் கண்டவர் அவர். கருவி பிறகு வந்தது.

நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காது கேட்கும் கருவியை வாங்கிவந்து பாட்டியின் செவியில் மாட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். அக்கருவியோ பேச்சை மட்டுமன்றித் தறியின் ஓசையையும் பாத்திரச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அளவைத் திருத்தி அமைக்க மீண்டும் அழைத்துச் செல்லவும் வேண்டும். யாரும் அழைத்துச் செல்லாதபோது கருவி பெட்டிக்குள் போகிறது. பிடிவாதக்காரி என்ற பெயர் மட்டும் பாட்டிக்கு!

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பெற்றது. ஒரு கோடியே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவரவர் வங்கிக் கணக்கிலேயே. அன்று மேடையில் பெண்களின் கையில் ஏ.டி.எம். அட்டைகள் வழங்கப்பட்டன. பயனடைந்தோரில் முதிய பெண்களும் உண்டு.

அந்த அட்டை இப்போது யாரிடம் இருக்கிறது என்று நம் இல்லங்களில் கேட்டுப் பாருங்கள். அட்டை பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கும். இரகசிய எண் பேரனின் நினைவில் இருக்கும். யாரிடமும் எண்ணைச் சொல்லாதீர் என்று வங்கி எச்சரிக்கிறது. "சொல்லுங்க பாட்டி, நான் எடுத்து வர்றேன்" என்கிறது வீடு. பேரன் நல்லவனாகவே இருக்கட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று அவனைக் கேட்டுத்தானே பாட்டி அறியவேண்டியிருக்கிறது? தம் பணத்தில் பேத்திக்கு ஒரு வளையல் வாங்கவும் காரணம் கூறவேண்டியிருக்கிறது.

அவர் தயங்குவதற்கும் நியாயம் உண்டு. எண்ணைப் பலமுறை தவறாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். திரையில் வெயில் பட்டால் எழுத்துத் தெரியாது. பின்னால் நிற்பவர்களோ பொறுமையிழந்து முணுமுணுப்பார்கள். கூட்டமில்லாத வேளையில், மூக்குக்கண்ணாடியை மறவாமல் அழைத்துச் செல்லுங்கள். தமிழைத் தேர்ந்தெடுக்கக் காட்டுங்கள். பிறகு சற்று விலகி நின்று, அவரையே அழுத்தவிடுங்கள். விசைப்பலகையில் 5 என்னும் எண்ணின்மேல் சிறியதொரு புடைப்பு உண்டு. நூல் இழையைத் தடவியே தரம் கண்ட விரல்களுக்கு, அங்கிருந்து மற்ற எண்களைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று.