குள்ளஞ்சாவடியில் மலை இல்லை... மலையேறிகள் உண்டு!
பௌர்ணமி வந்தால் டீக்கடை பெஞ்சில் ஒரே ரகளை. கேலிக்குப் பயந்து வியாதியை மறைக்கும் ஆசாமிகள்

குள்ளஞ்சாவடி—

கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி பக்கம் போகிற பஸ்சில் ஏறி, எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் சரி. முந்திரித் தோப்பு தெரியும். பலா மரம் தெரியும். செம்மண் தெரியும். மலை மட்டும் தெரியாது.

ஆனால், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் இந்த ஊர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். பேச்செல்லாம் மலைப் பேச்சுதான்!

"இந்தத் தடவை எத்தனை பேரு மாமா?"

"பதினோரு பேரு. பன்னெண்டு ஆனா வேன் வாடகை கட்டும்."

"உன் மச்சானைக் கூப்பிடேன்."

"அவனா? மச்சு வீட்டுக்கு மொய் வைக்கப் போனாலே கீழ நின்னு கையை ஆட்டுவான்!"

இவர்கள் கயிறும் கோடரியும் தூக்கிக்கொண்டு பனி மலைக்குப் போகிறவர்கள் அல்ல. மளிகைக் கடைக்காரர், ஆபீஸ் கிளார்க், லாரி டிரைவர், நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கிறவர், முந்திரி வியாபாரி. கடலூர் மாவட்டத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. பௌர்ணமி என்றால் பர்வதமலை. கார்த்திகை என்றால் திருவண்ணாமலை. பிப்ரவரி முதல் மே வரை கோவை வெள்ளியங்கிரி. வருஷம் முழுக்க இவர்களுக்குக் காலெண்டரில் வேலை இருக்கிறது.

"ஏறினால் ஜெயில்தான்!"

பயிற்சிக்கு எங்கே போவது? அங்கேதான் சிக்கல்.

பக்கத்தில் 'மலை' என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது கடலூர் கேப்பர் மலை ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். மலை என்பதைவிட மேடு என்றால் பொருந்தும். அதன் மேலே இருப்பது மத்திய சிறைச்சாலை! "கேப்பர் மலை ஏறப் போறேன்" என்று யாராவது சொன்னால், "எத்தனை வருஷம்?" என்று பதில் கேள்வி வரும்.

திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோவிலுக்கு எதிரே ஔஷதகிரி குன்று இருக்கிறது. எழுபத்துச் சொச்சம் படிகள். உச்சியில் ஹயக்ரீவர் சன்னதி. விவரம் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலையில் அங்கே போய் நாலைந்து தடவை ஏறி இறங்கிக் காலைப் பழக்குகிறார்கள். விவரம் தெரியாதவர்கள் நேராக வேனில் ஏறி விடுகிறார்கள்.

நெய்வேலிக்காரர்கள் இதில் தனி ரகம். 1957-ல் தோண்ட ஆரம்பித்த சுரங்கம் அல்லவா? ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். அள்ளிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலை போல எழுந்த மேடுகள் தூரத்திலிருந்தே தெரியும். மழை பெய்தால் கரைந்து வழியும் மண் அது. வெளியாள் யாரும் ஏறக் கூடாது. "நீங்க மாசத்துக்கு ஒரு மலை. நாங்க தினம் தலைகீழா ஒரு மலை ஏறிட்டு வர்றோம்" என்பது சுரங்கக்காரர்களின் பீற்றல்.

வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து

மலைக்குப் போவதைவிடப் பெரிய ஏற்றம் வீட்டில் அனுமதி வாங்குவது!

"கடைக்குப் போய் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வான்னா முட்டி வலின்னு சொல்றீங்க. மலை ஏற மட்டும் முட்டி வலிக்காதா?"

எந்த மலையேறியும் இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. கட்டுச்சோறும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் மட்டும் எப்படியோ பையில் ஏறி விடும்.

அடுத்து வருவது செருப்புத் தகராறு. வெறுங்காலோடு ஏறினால்தான் புண்ணியம் என்று ஒரு கட்சி. கான்வாஸ் ஷூ போட்டால்தான் நகம் தப்பும் என்று இன்னொரு கட்சி. (நகம் கறுத்து விழுந்தவர்கள் இரண்டாவது கட்சியில் சேர்ந்து விடுகிறார்கள்.) வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பூண்டி கோவில் பக்கம் மூங்கில் தடி கிடைக்கும். முதல் தடவை போகும் இளவட்டங்கள், "எனக்கெதுக்குத் தடி? நான் என்ன கிழவனா?" என்பார்கள். இறங்கும்போது கிழவர்களிடம் கெஞ்சி அந்தத் தடியைக் கடன் வாங்குவார்கள்.

எவரெஸ்ட் பேச்சும் பெஞ்சில் அடிபடாமல் இல்லை. 2023 மே மாதம் நான்கு நாள் இடைவெளியில் தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். மே 19-ல் சென்னையை அடுத்த கோவளத்து ராஜசேகர் பச்சை. மே 23-ல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி. ஒருவர் கடற்கரைக்காரர். இன்னொருவர் வெயில் காயும் கரிசல் சீமையில் பிறந்து, திருமணமாகி, குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டே மலைக்குப் பழகியவர். "சமவெளிக்காரனுக்கு மலை வராதுன்னு எவன் சொன்னான்?" என்று அன்று முதல் இவர்களுக்கு ஒரே கித்தாப்பு.

"அப்ப நீயும் போயேன்" என்றால் பேச்சு உடனே அடங்கி விடும். நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து 15 ஆயிரம் டாலர். நம் பணத்தில் சுமார் 13 லட்சம் ரூபாய்! வேன் வாடகையில் இருநூறு ரூபாய் பாக்கி வைத்திருக்கும் ஆசாமிகள் வேறு என்ன செய்வார்கள்?

கடப்பாறை ஏற்றம்

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 4,560 அடி உயரம். தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம். கடலாடி வழியாகவும் ஏறலாம். ஆரம்பத்தில் படிக்கட்டு. பிறகு கல்லும் கரடும். மேலே போகப் போகத்தான் விஷயம் இருக்கிறது. செங்குத்துப் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து, சங்கிலியைப் பற்றி, ஒருவர் காலடியைப் பார்த்து அடுத்தவர் ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஆகாயம்!

இங்கே கேலி பேசுவது பாதுகாப்புக்கு ஒரு வழி போலவே நடக்கிறது. மேலே இருப்பவர், "மாமா, கண்ணை மூடாதீங்க. அத்தைக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று குரல் கொடுப்பார். கீழே இருப்பவர் சிரித்துக்கொண்டே அடுத்த கடப்பாறையைப் பிடிப்பார். உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரையும் பிரமராம்பிகையையும் கும்பிட்டு விட்டுத் திரும்பிப் பார்த்தால், ஏறி வந்த ஊரெல்லாம் உள்ளங்கை அகலம்.

சிரிப்பு நின்று விடும் இடம்

ஆனால் இதே கேலி ஆளைக் கொல்லவும் கூடும்.

2024-ம் ஆண்டு வெள்ளியங்கிரி சீசனில் பக்தர்கள் அடுத்தடுத்து மலைப்பாதையிலேயே சுருண்டு விழுந்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் சில நாட்களுக்குள் மூன்று பேர் பலி! மாரடைப்பும் மூச்சுத் திணறலும்தான் காரணம் என்று கூறப்பட்டது. இருதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது.

அப்படியும் ஏன் ஏறுகிறார்கள்? பெஞ்சுப் பேச்சைக் கவனித்தால் காரணம் புரியும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கடைக்காரர். காலை ஆறு மணி முதல் ராத்திரி பத்து வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறவர். சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை இருக்கும். அதைக் கூட்டாளிகளிடம் காட்ட மாட்டார். காட்டினால், "மாமாவுக்கு வயசாயிடுச்சு" என்று ஆறு மாதத்துக்குக் கடைத்தெருவில் ஓட்டுவார்கள் அல்லவா? விரதம் என்று சொல்லி அன்றைய மாத்திரையையும் போட மாட்டார். சரியாகச் சாப்பிடாமல், வேனில் உட்கார்ந்தபடி அரைத் தூக்கம் தூங்கி, விடியும் முன்னே குளிரில் ஏற ஆரம்பிப்பார். இளவட்டங்கள் முன்னே ஓடுவார்கள். இவரும் ரோஷத்தில் ஓடுவார்.

பாதி வழியில் நெஞ்சை அழுத்தும். இடது தோளும் தாடையும் வலிக்கும். குளிர்ந்த வேர்வை கொட்டும். "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்பார். சமவெளியில் என்றால் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரி சேர்க்கலாம். மலையில் ஆம்புலன்ஸ் ஏது? டோலி கட்டித் தோளில் தூக்கி இறக்க வேண்டும். அதற்கே மணிக்கணக்கு ஆகும்.

மலை வேறு விதமாகவும் ஏமாற்றும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துப் போனது. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 டிசம்பரில் திருவண்ணாமலையிலேயே மண் சரிந்து அடிவாரத்து வீட்டில் இருந்த 7 பேர் உயிரோடு புதைந்தார்கள்; அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலை ஏற விடவில்லை. மழையையும் நெருப்பையும் யாரும் கணக்குப் போட முடியாது. ஆனால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று போகும் முன்னே பார்க்கலாம். கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கவும் ஒரு காலை நேரம் போதும். வேன் வாடகை வசூலிக்க ஒரு வாரம் அலைகிறவர்களுக்கு அந்த ஒரு காலை கிடைக்காதா?

300 அடியில் திரும்பினார்கள்

சில கூட்டங்களில் வழக்கம் மாறி வருகிறது. உட்கார்ந்தவனைக் கேலி செய்யக் கூடாது என்று ஏற்பாடு. நடையில் மெதுவான ஆள்தான் முன்னால் போக வேண்டும். ஒருவர் நின்றால் துணைக்கு இன்னொருவரும் நிற்க வேண்டும். துணைக்கு நிற்பவருக்கு அடுத்த தடவை வேன் வாடகையில் பாதி தள்ளுபடி!

பாதியில் திரும்புவது அவமானம் என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1953 மே 29-ல் எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாக டென்சிங்கும் ஹிலாரியும் தொட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று நாள் முன்னால், மே 26-ல், அதே குழுவைச் சேர்ந்த போர்டிலன், எவான்ஸ் என்ற இருவர் உச்சிக்குச் சுமார் 300 அடி வரை போய் விட்டார்கள். ஆக்சிஜன் கருவி தகராறு செய்தது. நேரமும் போய் விட்டது. இன்னும் 300 அடி ஏறியிருந்தால் உலகம் முழுக்க அவர்கள் பெயர்தான்! இருவரும் பேசி முடிவு செய்து கீழே இறங்கி விட்டார்கள். உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பும் வேனில் யாருக்கும் பேச்சு வராது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முழங்காலும் தொடையும் அடி வாங்கும். குள்ளஞ்சாவடி வந்து கதவைத் திறந்தால், வேனின் ஒற்றைப் படியில் இறங்குவதற்கே ஆள் ஆளுக்கு "ஐயோ, அம்மா!" 4,560 அடி ஏறிய சூரர்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வீடு போவதைப் பார்க்கக் கடைத்தெருவே காத்திருக்கும்.

நேராக நடந்து போகிறவர் ஒருவர்தான். பாதியில் உட்கார்ந்து, எல்லோருடைய பையையும் காவல் காத்த கடைக்காரர்.

"மாமா, பையில ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாய் வச்சிருந்தேனே, எங்க?"

"அதுவா? துணைக்கு நின்ன பையனும் நானும் தின்னுட்டோம். கடைக்கு வா, ரெண்டு பாக்கெட் தர்றேன். காசு குடுத்து வாங்கிக்க!"