படம், மடம், பட்டம், மட்டம்: ஒன்றாம் வகுப்பில் ஓராண்டு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்படுகிறார்கள். அந்த வகுப்புக்கு ஓராண்டில் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் இருக்கவேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்துள்ளது. பாடநூல் மெல்லியது, வீட்டுப்பாடம் குறைவு, தேர்ச்சி பெறாமல் நிறுத்தப்படும் அச்சமும் இல்லை என்பதால் பள்ளி வாழ்க்கையிலேயே இலகுவான ஆண்டு இதுதான் என்று பெற்றோர் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கற்கும் பொருளின் அளவை விட்டு அதன் இயல்பை நோக்கினால், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் இதைவிடக் கடினமான ஆண்டு வேறில்லை என்றே சொல்லவேண்டும். மற்ற வகுப்புகளில் பிள்ளை எழுத்தைக் கொண்டு வேறொன்றைக் கற்கிறது. இங்கே அந்த எழுத்தே புதிது.

ஆண்டு முடிவில் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பதை இந்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் சுருக்கமாக வரையறுக்கிறது: வயதுக்கேற்ற, முன்பு பார்த்திராத பனுவல் ஒன்றில் நான்கைந்து எளிய சொற்களால் ஆன சிறு வாக்கியங்களைப் படித்தல், 99 வரையிலான எண்களைப் படித்தலும் எழுதுதலும், எளிய கூட்டல் கழித்தல். ‘முன்பு பார்த்திராத’ என்ற நிபந்தனையில்தான் இந்த இலக்கின் கூர்மை முழுதும் இருக்கிறது. பாடநூலின் பத்துப் பக்கங்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, அதே சொற்களைக் கடைப் பலகையில் கண்டால் திகைத்து நிற்கக்கூடும். அப்பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறதே தவிரப் படிக்கக் கற்கவில்லை.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. மரபான முறை அகரத்தில் தொடங்கும். விஜயதசமி நாளில் அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பதும் அதுவே. எனினும் கையின் நோக்கில் ‘அ’ எளிய எழுத்தன்று. சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்கோடு ஆகிய நான்கும் ஒரே வடிவத்தில் கூடிவருவதால், எழுதுகோலைப் பிடிக்கவே பழகிக்கொண்டிருக்கும் விரல்களை அது எளிதில் தோற்கடித்துவிடும். ஆகவே தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நேர்க்கோட்டு வடிவம் மிகுந்த ட, ப, ம ஆகியவற்றிலிருந்து தொடங்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. இந்த மூன்று எழுத்துகளோடு மெய்க்குரிய புள்ளியையும் அறிந்துகொண்ட பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்ற நான்கு சொற்களைத் தானே கூட்டிப் படித்துவிட முடியும் என்பது இம்முறையின் பெரிய நன்மை. 247 எழுத்துகளையும் அட்டவணையாக எழுதி முடித்த பிறகே சொல்லுக்கு வரவேண்டும் என்ற பழைய ஒழுங்கு, ஙகர வரிசை முழுவதையும் நோட்டில் நிரப்பச் செய்தது. ‘அங்ஙனம்’ போன்ற ஓரிரு சொற்களையும், வார இதழ்த் தொடர்கதைகளில் ‘ஙே’ என்று விழித்த பாத்திரங்களையும் விட்டுவிட்டால், அந்த உழைப்பு எங்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

உயிர்மெய்க் குறிகள் தொடங்கும்போதுதான் உண்மையான இடர் வருகிறது. துணைக்கால் எழுத்தின் பின்னால் நிற்கிறது. ஒலியும் அவ்வாறே பின்னால் வருவதால் ‘கா’ தொல்லை தருவதில்லை. கொம்பு அவ்வாறன்று. ‘கெ’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பை இடுகிறது, வாயோ ககரத்தை முதலில் ஒலிக்கிறது. ‘கொ’ என்னும்போது ஒரே உயிரொலியின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு புறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துச் செல்லவேண்டும் என்று அதுவரை பழகிய பிள்ளை, இங்கே கொம்பைக் கண்டதும் சற்று நிறுத்தி, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதன்பின் ஒலிக்கவேண்டியிருக்கிறது. துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதும், ஔகார வரிசையில் வரும் குறியும் ளகரமும் ஒத்திருப்பதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. உகர வரிசையில் ஒழுங்கே இல்லை எனலாம்: கு, சு, டு, து ஆகிய நான்கும் ஒரே உயிரொலியை நான்கு வகையாக முடிக்கின்றன. ஆதலால் அவற்றை விதியாகக் கற்பிக்க வழியின்றி, ஒவ்வொன்றையும் தனி வடிவமாகவே மனத்தில் பதியவைக்கவேண்டியுள்ளது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. அதுவரை ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவையும் தனி வடிவங்களைக் கொண்டிருந்தன. அந்த 13 எழுத்துகளும் பொது விதிக்குள் வந்தன. உகர ஊகார வரிசைகளையும் அவ்வாறே ஒழுங்குபடுத்தவேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தபோதிலும், அவை நடைமுறைக்கு வரவில்லை.

எழுத்து கைவந்த பிறகு மொழி குறுக்கிடுகிறது. வீட்டில் பேசும் தமிழும் நூலில் எழுதும் தமிழும் வேறுவேறாக இருக்கும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். அந்த இரண்டாம் வழக்கைப் பிள்ளை முறையாகச் சந்திக்கும் இடம் ஒன்றாம் வகுப்பே. பேச்சில் இ, உ ஆகியவற்றை அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் அவை முறையே எ, ஒ என மாறிவிடுவது பெருவழக்கு. எனவே ‘இலை’ எலையாகவும், ‘இடம்’ எடமாகவும், ‘உடம்பு’ ஒடம்பாகவும், ‘உலகம்’ ஒலகமாகவும் பிள்ளையின் காதில் பதிந்திருக்கின்றன. ஆசிரியர் படத்தைக் காட்டி எழுதச் சொன்னதும் ‘எலை’ என்று எழுதும் பிள்ளை, தான் கேட்ட ஒலியைப் பிழையின்றி எழுத்தாக்கியிருக்கிறது. அது செய்த வேலை சரி, வழக்கு மட்டுமே வேறு. அந்த விடையின் மேல் சிவப்பு மையால் பெருக்கற்குறி இட்டு அகலும் ஆசிரியர், பிள்ளை கற்றுக்கொண்டதையும் சேர்த்தே அடித்துவிடுகிறார். படிக்கும்போது இதற்கு எதிர்த்திசையில் வேலை நடக்கவேண்டும்: ‘வந்தாள்’ என்று எழுத்துக் கூட்டிய பிள்ளை, அது தன் வீட்டில் சொல்லும் ‘வந்தா’தான் என்று கண்டுகொள்ளும்வரை அந்த ஒலிகள் பொருளற்ற ஓசையாகவே நிற்கும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை இந்த இடைவெளியை விரைவில் தாண்டுகிறது. அக்கதைகள் நூல் தமிழிலும் சிறிது சொல்லப்பட்டிருந்தால் இன்னும் விரைவாகத் தாண்டுகிறது.

கணக்குக்கு வந்தால், நூறு வரை சொல்லத் தெரிவதும் எண்ணத் தெரிவதும் ஒன்றன்று. ஒரு புளியங்கொட்டைக்கு ஓர் எண் என விரல் வைத்து இணைத்து, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்று உணர்வதே எண்ணுதல். இவ்வயதுக் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, சமமான இரு வரிசைகளில் ஒன்றைச் சற்று அகலப் பரப்பினால், அதில்தான் பொருள்கள் மிகுதி என்று சிறு குழந்தைகள் கூறுவதைக் காட்டினார். இடம் மாறினும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு ஐந்து, ஆறு வயதையொட்டித்தான் பலருக்கு உறுதிப்படுகிறது. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டும் பயிற்சி அதற்கு அடுத்த படி. ஒரு கட்டும் மூன்று உதிரியும் சேர்ந்தால் 13. அதில் வரும் 1 என்பது ஒன்றல்ல, ஒரு பத்து. இதுவே இடமதிப்பு, அதாவது இலக்கம் நிற்கும் இடத்தால் பெறும் மதிப்பு. பதின்மூன்று, பதினான்கு என்று பத்தை முன்னே சொல்லும் தமிழ் எண்பெயர்கள் எழுதும் வரிசைக்கு இசைந்திருப்பதால் துணைசெய்கின்றன. ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைக்குத் ‘தர்ட்டீன்’ என்பதில் மூன்றே முதலில் கேட்பதால் 31 என்று எழுதத் தோன்றுவதில் வியப்பில்லை. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்த வரிசை தொண்ணூறில் தடம் மாறும் இடம் ஒன்றே தமிழ்வழிப் பிள்ளைக்கு மீதமுள்ள மேடு. கழித்தலில், எட்டு மாங்காயில் மூன்றை எடுத்தால் மீதி எத்தனை என்பதற்கு எளிதில் விடை வருகிறது. ஒருவரிடம் எட்டும் மற்றவரிடம் மூன்றும் இருந்தால் எத்தனை அதிகம் என்று கேட்டால், செய்யவேண்டிய கணக்கு அதுவேயாயினும், ‘எட்டு’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

சூழ்நிலையியல் பாடம் உடல், குடும்பம், செடிகொடி, விலங்கு, உணவு எனப் பிள்ளை ஏற்கெனவே அறிந்தவற்றுக்குப் பெயரும் வகையும் தருகிறது. ஆங்கிலம் பாட்டும் சில சொற்களுமாகத் தொடங்குகிறது. பாடத்திட்டத்தில் இடம்பெறாத கல்வியோ நாள் முழுதும் நடக்கிறது. வருகைப் பதிவில் தன் பெயர் வரும்வரை காத்திருந்து ‘உள்ளேன்’ என்பது, சுண்டுவிரலை உயர்த்தி வெளியே செல்ல இசைவு கேட்பது, பக்கத்துப் பிள்ளையின் பலப்பத்தைத் திருப்பித் தருவது, தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலுகோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு என்று பிரித்தறிவது ஆகிய யாவும் இவ்வாண்டில் பழகுபவையே. மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்று மறு ஆண்டு விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், உப்புமாவோ பொங்கலோ தட்டில் வாங்கிப் பிற சாதிப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கம் நண்பகலில் மட்டுமன்றிக் காலையிலும் நிகழ்கிறது.

இவ்வளவும் ஓராண்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டதே செயல்வழிக் கற்றல் முறை. ஆந்திரத்து ரிஷிவேலியின் அனுபவத்திலிருந்து உருவாகி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய அம்முறையில், பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி எனப்பட்ட படிவரிசையில் தன் இடத்தைப் பிள்ளையே கண்டறிந்து அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குத் தீட்டப்பட்ட கரும்பலகைகள் அக்காலத்தின் எச்சங்கள். அவற்றைப் பிற்காலத்தில் வண்ணம் பூசி மறைத்த பள்ளிகள், தரையில் அமர்ந்த பிள்ளை தானே எழுதிப் பார்ப்பதற்கென்று இருந்த ஒரே இடத்தையும் இழந்தன. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் பின் 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளைகளை வகுப்பால் அன்றி அடைந்த நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்தி, அதே கருத்தை வேறு வடிவில் தொடர்ந்தது.

இந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் கல்விக் கொள்கை மட்டுமன்றி ஆள்கணக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. எனவே சிற்றூர்களின் ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில் ஒருவரிடம் இருப்பது வழக்கமான காட்சி. 800 மணி நேரத்தை மூன்றாகப் பகிர்ந்தால் ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் நேரடியாகத் தரக்கூடியது ஏறத்தாழ 267 மணி நேரம். மீதி நேரத்தில் அப்பிள்ளை எழுதிப் பார்க்கிறது, வேடிக்கை பார்க்கிறது, பக்கத்தில் இரண்டாம் வகுப்புக்கு நடக்கும் பாடத்தைக் காதில் வாங்கிக்கொள்கிறது. ஏப்ரலில் மூன்றாம் பருவத்தின் தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவ இறுதித் தேர்வு, முடிந்ததும் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் டகரத்தோடு நின்ற பிள்ளையும் சேர்ந்தே அடுத்த வகுப்புக்குச் செல்கின்றனர். அங்கே நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் என்ற படிப்பு வேகம் இலக்காக இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்கு மட்டும் அரும்பு நிலைக்குரிய பயிற்சி நூல் ஜூனில் மீண்டும் கைக்கு வருகிறது.