முன்னோர் பெயரும் பழைய பதிவேடுகளும்

பட்டா இன்னும் பாட்டனாரின் தந்தை பெயரிலேயே நிற்கிறது; நிலத்தை உழுபவரோ நான்காம் தலைமுறையினர். சங்கத்தில் பங்குத்தொகை கிடக்கிறது. அதைப் பெறுதற்குரிய வாரிசு யாரென்று எவராலும் கூற இயலவில்லை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் இவ்விரு நிலைமைகளையும் அடிக்கடி காண்கிறேன். முன்னோரைத் தேடுதல் குலப்பெருமை பேசுவோர் வேலை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இடையிலுள்ள ஒரு தலைமுறையின் பெயரும் மரணமும் மெய்ப்பிக்கப்படாவிடில் பட்டா மாறுதல் தடைப்படும். அந்நிலத்தின்பேரில் கடன் பெறுதலும் அரிதாகும். ஆகவே இத்தேடலின் வழியை அங்கத்தினர்கள் சிறிது அறிந்திருத்தல் நலம்.

தேடல் நம்மிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏதோ ஓர் அரசர் காலத்தில் இன்ன ஊரிலிருந்து வந்தோம் என்னும் வாய்மொழியிலிருந்து கீழ்நோக்கி இறங்குவோர் பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடுகின்றனர். வீட்டுப் பெட்டியில் உள்ள பழம் பத்திரங்களே முதற்படி. அவற்றுள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம் மிகச் சிறந்தது. தந்தை, சகோதரர், இறந்துபோன சகோதரரின் குமாரர் என வமிசத்தின் ஒரு கிளை முழுவதையும் அது நிரல்படச் சொல்லிவிடும். பத்திரம் காணாமற் போயிருந்தாலும் மனந்தளர வேண்டுவதில்லை. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1865 முதல் பத்திரப் பதிவு நடைபெற்று வருகிறது. பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மனுக் கொடுத்துத் தேடச் செய்யலாம்.

நிலத்தைப் பொறுத்தவரையில், சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னே செல்வதே நேர்வழி. செட்டில்மெண்டுப் பதிவேட்டில் அக்காலப் பட்டாதாரர் பெயர் கிடைக்கும். மானிய நிலமாயின் இன்னும் நல்லது. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில், மானியம் முதலிற் பெற்றவர் பெயர், விசாரணைக் காலத்தில் அனுபவித்தவர் பெயர், அவர் வயது, முன்னவர்க்கு அவர் என்ன உறவு என்பன வரையில் எழுதப்பட்டுள்ளன. இத்தகைய பழம் பதிவேடுகள் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய கணக்குகளில் ஆண்டு பசலியில் இருக்கும்; அதனோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1270 என்பது 1860 ஜூலையில் தொடங்கிய ஆண்டாகும்.

ஓர் எச்சரிக்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். 'பேரன்' என்னும் சொல்லே அதைக் காட்டும். ஆதலின் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்ப வரும். இருவரை ஒருவராக்கிவிட்டால் ஐம்பது ஆண்டுகள் கணக்கில் மறைந்துபோகும். பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. தகப்பனார் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் நிலமுடையார்க்கு. நெசவாளக் குடும்பம் என்ன செய்வது? இங்குதான் உண்மையான இடர்ப்பாடு உள்ளது. கோயிற் கல்வெட்டுகளில் 'தறி இறை' உண்டு. கும்பெனியாரும் தறிக்கு வரி வாங்கினர். ஆனால் அவற்றில் எண்ணப்பட்டது தறியே. அதில் அமர்ந்தவரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. சொந்த வீட்டை அடமானம் வைத்த நெசவாளர் மட்டும் பத்திரத்தில் அகப்படுவார். இன்னார் குமாரர், ஜீவனம் நெசவு என்று பழம் பத்திரங்கள் எழுதும். கடன்பட்டவர் பெயர் நின்றது; கடன்படாதவர் பெயர் மறைந்தது! குடிக்கணக்கும் இதற்கு உதவாது. அச்சிடப்பட்ட பழைய அறிக்கைகளில் தொகைகள் உண்டேயன்றித் தனி மனிதர் பெயர்கள் இல்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்கள் நம்மிற் கடையராய் எண்ணப்பட்டவர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்விதம் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னைத் துறையில் ஏறியவர்கள். கப்பற் பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்; பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதப்பட்டன. பெண்களுக்கும் தனி எண் இருந்தது. அன்பினால் எழுதியவை அல்ல. ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதியவை. ஆயினும் இன்று அங்குள்ள கொள்ளுப்பேரர்கள் அப்பட்டியலைக் கொண்டே நம் கிராமங்களைத் தேடி வருகின்றனர். ஊர்ப்பெயர்கள் ஆங்கிலக் குமாஸ்தாக்களின் காதில் விழுந்தபடி சிதைந்திருக்கும். ஜில்லாவோ வட ஆர்க்காடு என்றிருக்கும். அது 1989இல் பிரிக்கப்பட்டது என்பதை அறியாதார் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் வீணே அலைய நேரிடும்.

நெசவாளர்க்கு அத்தகைய பட்டியல் ஒன்றே ஒன்று உண்டு. அது நம் சங்கத்து அங்கத்தினர் பதிவேடு. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. நூறாண்டு கடந்த சங்கங்கள் இன்று உள்ளன. சேர்ந்த தேதி, பெயர், தந்தை பெயர், இருப்பிடம், எடுத்த பங்குகள், குறிப்பிட்ட வாரிசு ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஓரத்தில் கையொப்பமோ இடது பெருவிரல் ரேகையோ உண்டு. நிலமில்லாத பாட்டனார் ஒருவர் உலகில் விட்டுச்சென்ற எழுத்து வேறெதுவும் இல்லாமலிருக்கலாம்.

அப்பதிவேட்டைச் சில சங்கங்களில் எப்படி வைத்திருக்கிறார்கள்? பழைய ரொக்கப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டி, பரணில், கரையானுக்கு இரையாக. கழிக்கத்தக்க தஸ்தாவேஜுகளின் ஜாபிதா நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, அங்கத்தினர் பதிவேடு அதில் தவறி நுழைந்திருக்கிறதா என்று இயக்குநர்கள் ஒருமுறை கட்டவிழ்த்துப் பார்க்க வேண்டும். மை மங்கிய பக்கங்களைக் கைப்பேசியிலேயே படமெடுத்து வைக்கலாம். அங்கத்தினர் ஒருவர் காலமானால், காரியதரிசி அன்றே அவர் பெயருக்கு நேரே இறந்த தேதியையும் வாரிசின் பெயரையும் குறித்துக் கையொப்பமிடுக. பல சங்கங்களில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கிறது.