ஊரில் தங்கும் காசு

சுற்றுலாத்துறை பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலர், "அது பெரிய ஹோட்டல்காரர்களின் விஷயம், நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பலசரக்கு மொத்த வியாபாரத்தில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊருக்கு எத்தனை வெளிநாட்டவர் வந்தார்கள் என்பது பெரிதல்ல. அவர்கள் செலவழித்த காசில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்கியது என்பதுதான் கணக்கு.

ஹபரணைக்கு அருகிலுள்ள ஹிரிவடுன்ன கிராமத்தைப் பாருங்கள். சீகிரியாவைப் பார்க்க வருபவர்களை மாட்டு வண்டியில் ஏற்றி, குளத்தைப் படகில் கடக்கச் செய்து, மண் குடிசையில் விறகடுப்புச் சமையலைச் சாப்பிடக் கொடுக்கிறார்கள். குரக்கன் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அங்கே விலைபோகின்றன. வண்டி, படகு, அடுப்பு எல்லாம் கிராமத்து வாழ்க்கையில் ஏற்கனவே இருந்தவை. போட்ட முதல் குறைவு.

உதாரணத்துக்கு, ஒருவர் சாப்பாட்டுக்கு 3,000 ரூபா கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, மரக்கறி, தேங்காய், குளத்து மீன் எல்லாம் ஊரிலேயே வாங்கப்பட்டால் அந்தக் காசு விவசாயிக்கும் மீனவருக்கும் சமைத்த பெண்ணுக்கும் பிரிகிறது. அவர்கள் ஊர்க் கடையில் சாமான் வாங்குகிறார்கள். அந்தக் கடைக்காரர் நம்மிடம் வருகிறார். அதே சாப்பாட்டுக்கான பொருட்கள் கொழும்பிலிருந்து லொறியில் வந்தால், ஊருக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவிய கூலி மட்டுமே.

நம் பொத்துவிலிலும் இதற்கு வழி இருக்கிறது. அறுகம்பையில் அலைச்சறுக்கு சீசன் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. அங்கு வருபவர்களை மீனவர்கள் தோணியில் ஏற்றி, களப்பையும் கண்டல் காட்டையும் பறவைகளையும் காட்டுகிறார்கள். கண்டல் காட்டால் வருமானம் பெறுபவன் அதை வெட்ட விடமாட்டான். அந்தக் கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. நிலைபேறான அபிவிருத்தி என்று கூட்டங்களில் பேசுவது இதைத்தான்.

ஆனால் இது ஆபத்தில்லாத தொழிலல்ல. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அதன்பின் கொரோனாவும் வந்து, 2021இல் அந்தத் தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது உண்மை. எனினும், இடைப்பட்ட வருடங்களில் கடன் வாங்கி அறை கட்டியவரின் நிலை வேறு, வயலையும் வலையையும் கைவிடாதவரின் நிலை வேறு.

ஆகவே இதில் இறங்க நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விவசாயமோ மீன்பிடியோ முதல் வருமானமாக இருக்கட்டும், சுற்றுலா இரண்டாவதாக இருக்கட்டும். காணியை விற்காதீர்கள், தேவையானால் காலம் குறித்து, எழுத்தில் குத்தகைக்குக் கொடுங்கள். விற்றவர் நாளை அதே காணியில் கூலிக்கு நிற்க வேண்டிவரும். கிணற்றுத் தண்ணீரும் குப்பை அகற்றும் வசதியும் எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேரை மட்டும் வரவழையுங்கள். வீட்டில் அறை கொடுப்பதாயின் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்துகொள்ளுங்கள். விருந்தினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களுடன் பேசி முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கிராமத்துத் தேன், தயிர், பன்பாய் ஆகியவற்றை நியாய விலைக்கு வாங்கிச் சுற்றுலா இடங்களில் விற்கலாம். தோணிக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் தரகு என்று பாதியைப் பிடுங்கினால், இரண்டு சீசனில் அவர்கள் தொழிலை விட்டுவிடுவார்கள். பிறகு நம் கடைக்கு வரவும் அவர்கள் கையில் காசிருக்காது.

அடுத்த சீசனுக்கு முன்னர், உங்கள் பக்கத்து ஹோட்டல்களுக்கு வெளியூரிலிருந்து வரும் சாமான்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். அதில் எதை உங்கள் கிராமமே கொடுக்க முடியுமோ, அங்கிருந்து தொடங்கலாம்.