பழைய தையல் யந்திரம் வாங்குவோர் கவனத்திற்கு

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யச் செல்லும்போது, கணக்குப் புத்தகத்தில் இடம் பெறாத செய்திகளும் எம் போன்ற ஆய்வாளர்களின் செவிக்கு எட்டுவதுண்டு. சென்ற ஆண்டு தை மாதம், மதுரைக்குத் தென்மேற்கே திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள திருநகரில் அத்தகைய செய்தி ஒன்று வந்தது. அலுவல் முடிந்து புறப்படும் தறுவாயில், நெசவாளர் சங்கத்தின் மூத்த அங்கத்தினராகிய ஓர் அம்மையார் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, சிங்கர் மிஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் சொல்லுகிறார்கள். சேமிப்பு நிதியிலே முன்பணம் எடுத்து வாங்கிவிடலாமா?"

கேள்வி சிறிது; அதன் பின்னே இருந்த நிலைமை சிறிதன்று. வீட்டிலிருந்த இரண்டு தறிகளில் ஒன்று கணவரின் முழங்கால் நோவினால் நின்றுவிட்டது. தையல் பயின்ற மருமகள், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர விரும்பினாள். நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைத் துணியில் ஒரு பகுதி நெசவாளர் சங்கங்களில் நெய்யப்படுகிறது. மகளிர் தையல் சங்கங்கள் அதைத் தைத்துக் கொடுக்கின்றன. வெட்டிய துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்துத் தருவதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே வீட்டில் யந்திரம் இருந்தால்தான் வேலை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் அரசு வழங்கும் இலவசத் தையல் யந்திரத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள், முறை வரவில்லை. சீருடைப் பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சேமிப்பு நிதி என்று அந்த அம்மையார் சொன்னது எது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு நெசவாளர் செலுத்த, நான்கு காசு அரசு சேர்க்கும் பணம் அது. பல ஆண்டுகளாகக் காசு காசாகச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு தரகர் கையில் கொடுக்குமுன் யந்திரத்தை ஒருமுறை பார்த்துவிடலாமே என்றேன். மாலையில் மூவரும் சென்றோம்.

யந்திரம் பளபளவென்று இருந்தது. அதுவே எனக்கு முதல் ஐயத்தைத் தந்தது. பழைய யந்திரத்தின் கறுப்பு மேனியில் பொன்னிறச் சித்திர வேலை இருக்கும். கை படும் இடத்தில் அது தேய்ந்து மங்கியிருக்கும். அது இயல்பு. இங்கே சித்திரம் மறைய மொத்தமாகப் புதுப் பூச்சு அடித்திருந்தார்கள். புதுப் பூச்சின் கீழே விரிசல் இருந்தாலும் தெரியாது. துரு இருந்தாலும் தெரியாது. ஊசித்தண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தேன், தளதளவென்று ஆடியது. துணியைத் தள்ளும் பற்கள் மழுங்கியிருந்தன. இவ்வளவு தேய்ந்த யந்திரத்துக்குப் பன்னிரண்டாயிரமா என்று கேட்டபோது, தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது பழைய காலத்துச் சாமான், ஐயா. உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறது. பின்னால் லட்சக் கணக்கில் போகும்" என்றார்.

இந்தக் கதையை அங்கத்தினர்கள் எங்கேனும் கேட்க நேரிட்டால் உடனே எழுந்து வந்துவிடுவது நலம். 2009ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவில் இதே வதந்தி காட்டுத்தீப் போலப் பரவியது. பழைய சிங்கர் யந்திரத்தின் ஊசியில் 'சிவப்புப் பாதரசம்' என்னும் அரும்பொருள் உண்டென்றும், கைப்பேசியை அருகே கொண்டுபோனால் தொடர்பு அறுந்துபோகும், அதுவே அடையாளமென்றும் சொன்னார்கள். பாட்டி காலத்து யந்திரங்களை மக்கள் பெருந்தொகைக்கு விற்கவும் வாங்கவும் முற்பட, காவல்துறை விசாரணையில் இறங்க நேர்ந்தது. அத்தகைய பாதரசம் எந்தத் தையல் யந்திரத்திலும் கிடையாது. உள்ளே இருப்பவை இரும்பும் எஃகும் சிறிது எண்ணெயும்தான்.

பழமை என்பதற்காகவே விலை உயர்ந்துவிடுவதும் இல்லை. ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். 1856 முதலே அந்த நிறுவனத்தார் தவணை முறையில் விற்கத் தொடங்கிவிட்டபடியால், யந்திரங்கள் கோடிக் கணக்கில் உலகெங்கும் பரவின. ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடுபேங்க் என்னுமிடத்தில் 1880களில் எழுந்து 1980இல் மூடப்பட்ட அவர்களுடைய பெருந்தொழிற்சாலையில் செய்யப்பட்டவை நம் நாட்டில் ஏராளம். யந்திரத்தின் அடிப்பலகையில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ இருந்தால் அது 1900க்குப் பிற்பட்டது. வயதை அறிய எண் உதவும். உழைப்பை அறிய உதவாது.

நிற்க. கதரைப் போற்றிய காந்தியடிகள் தையல் யந்திரத்தை மட்டும் விலக்காமல் ஏற்றார் என்பது நம் நெசவாளர்களில் பலருக்கும் வியப்பளிக்கலாம். 1924இல் சாந்திநிகேதன் மாணவரான இராமச்சந்திரன் என்னும் இளைஞர், யந்திரங்கள் அனைத்தையும் தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். தையல் யந்திரம் பயனுள்ள சில கண்டுபிடிப்புகளில் ஒன்று, மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்னும் பொருள்பட அடிகள் விடையளித்தார். அப்படியானால் அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று இளைஞர் விடாமல் கேட்க, அத்தகைய தொழிற்சாலைகள் நாட்டின் உடைமையாக இருக்கட்டும் என்றார். உரையாடல் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. (சிங்கரின் இல்லற வரலாற்றைப் படித்தவர்கள் அந்த அன்புக் கதையை நம்புவது கடினம், அது வேறு விஷயம்.) கேள்வி கேட்ட அந்த இளைஞரே பின்னர் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன். யந்திரம் மனிதனை வேலையிலிருந்து விரட்டுகிறதா, அவன் கைக்குத் துணையாகிறதா என்பதே அடிகள் பார்த்த வேறுபாடு. நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் ஒரு தையல் யந்திரம் வேண்டி நின்ற அந்தக் குடும்பத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று.

தரகரை விட்டு வந்தபின் ஒரு வாரம் விசாரித்தோம். ஹார்விபட்டியில் ஒரு முதியவர் இருப்பதாகத் தெரிந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கேயுள்ள புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் எழுப்பிய கற்றூண்களுக்கு நடுவே நெடுங்காலம் தைத்தவர். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, கண்ணும் மங்கிவிட்டதென்று தொழிலை விட்டவர். அவருடைய யந்திரம் திண்ணை மூலையில் சாக்குக்குக் கீழே கிடந்தது. சக்கரத்தைத் திருப்பினேன், இம்மியும் நகரவில்லை. "ஓடாது, தம்பி. மூவாயிரம் கொடுத்தால் போதும்" என்றார்.

ஓடும் யந்திரத்தை விட்டு ஓடாத யந்திரத்தை வாங்கச் சொன்ன காரணத்தைக் கூறவேண்டும். யந்திரம் நின்றுபோவது இரண்டு விதம். உறுப்புகள் தேய்ந்தோ ஒடிந்தோ நிற்பது ஒன்று. எண்ணெய் இறுகி நிற்பது மற்றொன்று. முன்னதற்குச் செலவு மிகும். பின்னதற்குப் பொறுமை ஒன்றே செலவு. நம் வீடுகளில் தையல் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தேங்காயெண்ணெயை விடும் பழக்கம் உண்டு. ஆண்டுக் கணக்கில் சும்மா கிடந்தால் அது அரக்குப் போல இறுகிக்கொள்ளும். இந்த யந்திரத்தின் முகத்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது பழுப்புப் பிசினாகவே இருந்தது. அதன் கீழ் எஃகு மின்னியது. ஊசித்தண்டில் ஆட்டமில்லை. பற்கள் கூர்மையாக இருந்தன. கீழே நூலைப் பற்றும் கொக்கியின் முனையை நகத்தால் தடவியதில் பிசிறு ஒன்றும் தட்டவில்லை. வார்ப்பில் விரிசல் இல்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். மிகப் பழைய யந்திரங்கள் சிலவற்றில், கீழ்நூல் நம் தறி நாடாவைப் போன்ற நீண்ட ஓடத்துக்குள் இருக்கும். அவையும் நன்றாகவே தைக்கும். ஆனால் ஓடமோ அதன் நீளப் பாபினோ தொலைந்தால் தேடி அலையவேண்டும். வட்டப் பாபின் உள்ள பதினைந்தாம் வகை சிங்கர் அப்படியன்று. 1930களில் கல்கத்தாவில் தோன்றிய உஷா முதல் லூதியானாவில் செய்யப்படுபவை வரை நம் நாட்டு யந்திரங்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பைத் தழுவியவை. ஆகையால் உதிரி உறுப்புகள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். முதியவருடையது அந்த வகை.

மூன்று நாள் வேலை. முதலில் ஊசி, பாபின் கேஸ், பல்லுக்கு மேலுள்ள தகடு ஆகியவற்றைக் கழற்றி, பற்களுக்கிடையே கம்பளி போல் அடைந்திருந்த பஞ்சை ஊசியால் கிள்ளி எடுத்தோம். பிறகு எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டோம். (அடுத்த வீட்டில் எஞ்சியிருந்த அரைப் பாட்டில் கிடைத்தது, அடுப்புக்கு அருகே இந்த வேலை ஆகாது.) சுத்தியலால் தட்டுவதோ, சக்கரத்தை இருவர் கூடி முறுக்குவதோ கூடாது, இறுகியது நெகிழாது, நல்ல உறுப்பு ஒடியும். மதுரை வெயில் இவ்விடத்தில் நமக்கு உதவியது. தலைப்பாகத்தை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, இரும்பு சூடானபின் மறுபடியும் மண்ணெண்ணெய் விட, இரண்டாம் நாள் மாலையில் சக்கரம் ஓர் அங்குலம் அசைந்தது. அம்மையார் கைதட்டிவிட்டார். சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்து முழுச் சுற்றும் வரச் செய்து, கரைந்து வந்த கறுப்பைத் துணியால் ஒற்றியெடுத்து, அதன்பின் தையல் யந்திர எண்ணெயை விட்டோம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், மசகாக நிற்காது. எண்ணெய் விடாமல் ஓட்டினால் தேய்மானம் அன்றே தொடங்கும்.

மேனியைத் துடைக்க எண்ணெய் தோய்ந்த மெல்லிய துணி போதும். பழைய பூச்சின் மேலுள்ள அரக்கு மெருகு ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்; பொற்சித்திரமும் உடன் போய்விடும்.

மூன்றாம் நாள் என் தவறால் அரைநாள் வீணாயிற்று. சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைச் சுத்தம் செய்து மாட்டினேன். சக்கரம் சுழன்றது, ஊசி அசையவில்லை. எங்கெங்கோ கழற்றிப் பார்த்துச் சோர்ந்து, முதியவரை அழைத்து வந்தேன். அவர் திருகைக் கழற்றி, உள்ளேயிருந்த காது வைத்த வளையத்தைப் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டினார். ஊசி ஏறி இறங்கியது. "படித்த பிள்ளை!" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தைத்துப் பார்த்தோம். மேல்நூல் சிவப்பு, கீழ்நூல் வெள்ளை என்று வேறு வேறாகக் கோத்து, துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் குற்றம் கண்ணுக்குத் தெரியும். ஊசியில் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் கோக்க வேண்டும். ஊசி திரும்பியிருந்தால் தையல் விழவே விழாது. எங்களுக்குத் தையல் விழுந்தது. ஆனால் துணிக்கு அடியில் சிவப்பு நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. அடியில்தானே குற்றம் என்று நான் பாபின் கேஸின் சிறு திருகை முறுக்கத் தொடங்கினேன். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், "அதைத் தொடாதீர்கள், தம்பி. தளர்ந்திருப்பது மேல்நூல். பாவு தளர்ந்தால் ஊடையைக் குறை சொல்லலாமா?" என்றார். மேல்நூல் செல்லும் இரு வட்டத் தகடுகளுக்கிடையே ஒரு துணிக் கீற்றை நுழைத்து இழுத்தார். இறுகிய பஞ்சு ஒரு நெல்மணியளவு வெளியே வந்தது. அடுத்த தையலில் இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொண்டன. நாற்பது ஆண்டுகள் தறியில் இழையின் இழுப்பைக் கையால் அறிந்தவருக்கு இதைக் கற்பிக்க நான் யார்?

நூலைப் பற்றி ஒரு சொல். ஹார்விபட்டிக்குப் பெயர் தந்த ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் 1892இல் மதுரையில் தொடங்கியது. 1974இல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் தையல்நூல் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. தையல் நூலுக்குப் பெயர் பெற்ற ஊரிலே இருந்துகொண்டு, மலிவென்று முடிச்சும் பிசிறுமான நூலை வாங்கிவிட்டு யந்திரத்தைப் பழிப்பது முறையன்று. சட்டைத் துணிக்குப் பதினான்காம் எண் ஊசி. துண்டு, ஜமக்காளம் போன்றவற்றுக்குப் பதினாறு அல்லது பதினெட்டு.

செலவுக் கணக்கு: யந்திரமும் இரும்பு ஸ்டாண்டும் 3,000 ரூபாய். தோல் பெல்ட், பாபின் சுற்றும் ரப்பர் வளையம், புதிய பாபின் கேஸ், ஊசி, எண்ணெய் எல்லாம் சேர்த்து 850 ரூபாய். சேமிப்பு நிதியில் பெரும்பகுதி கையைவிட்டுப் போகாமல் நின்றது.

குறையும் உண்டு. இந்த யந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும். சீருடையின் ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடிக்க வேண்டும். அதற்கு வேறு யந்திரம். மருமகள் சேர்ந்த சங்கத்தில் அது பொதுவாக ஒன்று இருக்கிறது. வாரம் இருமுறை மூட்டையோடு சென்று வரிசையில் நிற்கிறாள். ஓவர்லாக் இல்லாத சங்கங்களின் நிர்வாகக் குழுவினர், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே கடன்படுமுன், பொதுவில் ஒன்று வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம். பெல்ட் ஐப்பசி மழையில் நெகிழ்ந்து வழுக்கியதாகச் சொன்னார்கள்; அரை அங்குலம் வெட்டிக் கொக்கி மாட்டியதும் சரியாயிற்று. கடைசியாக நான் சென்றபோது மருமகள் கால்சட்டைகளுக்கு இடுப்புப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தார் சுற்றிய கையோடு அவளுக்கு மறுநாளைக்கான பாபின்களையும் சுற்றி, ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.