மூங்கில் வாளும் நெகிழிப் பீப்பாயும்

மும்பை மக்கள் பயன்படுத்தியபின் தூக்கி எறியும் பொருள்களில் ஒரு பகுதி தாராவிக்கு வந்து சேர்கிறது. நெகிழிப் பீப்பாய், வண்ணப்பூச்சு அடைத்து வந்த தகர டப்பா, உடைந்த வாளி, கண்ணாடிப் புட்டி ஆகிய யாவும் அங்குள்ள பட்டறைகளில் தரம் பிரிக்கப்பட்டு மீண்டும் பயன்படுபொருளாகின்றன. இப்பொருள்களையே இசைக்கருவிகளாகக் கொண்ட இசைக்குழு ஒன்றும் அங்கே தோன்றியது. ‘தாராவி ராக்ஸ்’ என்பது அதன் பெயர். பழைய பொருள்களைச் சேகரிக்கும் தொழிலாளர்களின் நலனுக்காக உழைக்கும் ஏக்கார்ன் அறக்கட்டளை அக்குழுவை அமைத்தது. அத்தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளே அதில் கலைஞர்கள்.

பீப்பாய் எவ்வாறு இசைக்கருவி ஆகும் என்று வியக்க வேண்டியதில்லை. பெரிய பீப்பாயைத் தட்டினால் ஆழ்ந்த முழக்கம் எழும். சிறிய தகர டப்பா கணீரென ஒலிக்கும். புட்டியில் உள்ள நீரின் அளவை மாற்றினால் அதன் ஒலியும் மாறும். இவ்வொலிகளைத் தாளத்திற்குள் அடக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும், நாள்தோறும் பழகும் பிள்ளைகளும் இருந்தால் போதும். கடையில் விற்கும் டிரம்ஸ் கருவியின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் பாட்டும் மிருதங்கமும் பரதமும் பயில்வது நெடுநாள் வழக்கம். மாட்டுங்காவை அடுத்துள்ள சண்முகானந்த சபை 1952ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. செம்பூரில் நுண்கலைக் கழகம் உள்ளது. குழந்தைக்கு ஐந்து வயது ஆனதும் பாட்டியே நல்ல குருவைத் தேடிப் பிடித்துவிடுவார். தாராவியும் மாட்டுங்காவிலிருந்து நடக்கும் தொலைவில்தான் உள்ளது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் அங்கு வாழ்கின்றனர். ஒற்றை அறை வீடு; பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வர்; பள்ளி விட்டதும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பிள்ளையைச் சேரும். இத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத் திறமை குறைவு என்று யாரும் கூற இயலாது. வாட்போர் என்றொரு விளையாட்டு உண்டு என்பதே அப்பிள்ளையின் செவிக்கு எட்டுவதில்லை. கேள்விப்படாத ஒன்றின்மீது ஆசை எவ்வாறு பிறக்கும்?

ஹிப்ஹாப் கலை தாராவிக்குள் எளிதில் நுழைந்ததற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. கைப்பேசி வழியாக அது பிள்ளைகளின் கண்ணிலும் காதிலும் பட்டது; கற்பதற்கு விலையுயர்ந்த கருவியும் தேவைப்படவில்லை. இக்கலை 1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. அதனைத் தொடங்கி வைத்த டி.ஜே. கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். பிழைப்பைத் தேடி வேற்றூர் சென்றவர்களின் பிள்ளைகள் வளர்த்த கலை என்பதால், தாராவிப் பிள்ளைகளுக்கு அது அயலாகத் தோன்றவில்லை போலும்.

2015ஆம் ஆண்டில் தாராவியில் ஹிப்ஹாப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. தாளத்தோடு சொற்களை அடுக்கிப் பாடும் சொல்லிசை, வாயினாலேயே தாளக்கருவிகளின் ஒலியை எழுப்பும் பீட்பாக்ஸிங், தரையில் சுழன்று ஆடும் பிரேக்கிங் ஆகியவை அங்குக் கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. தாராவியைச் சேர்ந்த டோப்படெலிக்ஸ் என்னும் சொல்லிசைக் குழுவினர் தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மொழிகளில் பாடுபவர்கள். ரஜினிகாந்த் நடித்து 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தின் பாடல்களில் அவர்களது குரலும் ஒலித்தது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி எனப் பழகும் பிள்ளையின் பேச்சுவழக்கே அங்குக் கலைக்கு மூலதனம் ஆயிற்று. பிரேக்கிங் ஆட்டம் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. தெருவில் ஆடும் வெற்று ஆட்டம் என்று அதுவரை அதனை ஒதுக்கியோர் சற்றே விழித்திருப்பர்.

விளையாட்டிலும் இதுபோன்ற வாயில்கள் அருகிலேயே உள்ளன. தாதர் சிவாஜி பூங்காவில் உள்ள சமர்த்த வியாயாம மந்திர் என்னும் உடற்பயிற்சிக் கூடத்தில் மல்லர்கம்பம் கற்பிக்கப்படுகிறது. நட்டுவைத்த வழவழப்பான மரக்கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவி, அதன்மீது ஏறி, கைகளாலும் கால்களாலும் பற்றிக்கொண்டு ஆசனங்கள் செய்வதே இவ்விளையாட்டு. அக்கூடத்தின் பயிற்சியாளர் உதய் தேஷ்பாண்டே, பார்வையற்ற மாணவியருக்கும் இதனைக் கற்பித்தவர். 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்நாட்டில் விழுப்புரம் இவ்விளையாட்டிற்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு கம்பத்தைச் சுற்றிப் பல பிள்ளைகள் முறைவைத்துப் பயிலலாம் என்பது இதன் சிறப்பு.

தொடங்குவது எளிதாகலாம்; தொடர்வது அவ்வாறன்று. சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவியின் வாழ்க்கை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 2004ஆம் ஆண்டு அவரது பள்ளியில் மாணவியர் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய முறை வருவதற்குள் பிற விளையாட்டுகள் நிரம்பிவிட்டன. எஞ்சியிருந்தது வாட்போர் ஒன்றே. மின்சார இணைப்புடன் கூடிய வாள்கள் விலை மிகுந்தவை. எனவே மாணவியர் மூங்கில் கழிகளைக் கொண்டு பயின்றனர். உண்மையான வாள்கள் போட்டிகளுக்கென்றே பாதுகாக்கப்பட்டன. பதினான்காம் வயதில் துருக்கியில் நடைபெற்ற தம் முதல் பன்னாட்டுப் போட்டிக்கு அவர் மூன்று நிமிடம் தாமதமாகச் சென்றார். கறுப்பு அட்டை காட்டி நடுவர் அவரை வெளியேற்றினார். அத்தனை தொலைவு சென்றும் வாளை வீச இயலாமல் திரும்ப நேர்ந்தது.

வாள், முகக்கவசம், உடை, வெளிநாட்டுப் பயணம் என ஒவ்வொன்றுக்கும் பொருள் தேவைப்பட்டது. அவர் தந்தை கோயில் அர்ச்சகர். மகளின் செலவுக்குப் பணம் திரட்டத் தாயார் ரமணி பெரும்பாடு பட்டார். ராகுல் டிராவிட் பெயரிலமைந்த விளையாட்டு வீரர் வழிகாட்டுத் திட்டத்தில் பவானி தேவி சேர்க்கப்பட்டது 2015ஆம் ஆண்டில். அப்போது அவர் வாட்போர் பயிலத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. கூலி வேலையை நம்பி வாழும் குடும்பம் அத்தனை ஆண்டுகளைத் தனியே தாங்குவது அரிது. பள்ளியும் ஊராரும் அறக்கட்டளைகளும் கைகொடுக்க வேண்டிய காலம் பதக்கம் வாங்கிய பின்னர் அன்று, அந்த இடைப்பட்ட ஆண்டுகளே.

2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் வாட்போருக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையுடன் பவானி தேவி களமிறங்கினார். முதல் சுற்றில் துனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்த சுற்றில் தோற்றார். 2023ஆம் ஆண்டு சீனாவின் வூசி நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டியில், அப்போதைய உலக வாகையரான ஜப்பான் வீராங்கனை மிசாகி எமுராவைக் காலிறுதியில் வீழ்த்தி, வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார்.